காலி இடத்துக்கு ஒரு காரணம்

இன்று காலை கான்ஃபிக் ஃபைலைத் திறந்து உன் பெயரை அழித்தேன். சேமித்துவிட்டு, ஃபைலில் பிழை தேடும் செக்கரை ஓட்டினேன். அது ஒத்துக்கொள்ளவில்லை. ‘ஒப்புதல் தருபவர், இரண்டாம் இடம்: காலி. காரணம் தேவை’ என்று சிவப்பில் ஒரு வரி வந்து நின்றது. மற்ற வரிகள் எல்லாம் பச்சை. அந்தச் சிவப்பு வரியை எழுதி வைத்தவள் நீ. உன் பிடிவாதம் உனக்குப் பிறகும் சம்பளம் வாங்காமல் வேலை செய்வதைப் பார்த்து எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்து, இதை எழுதுகிறேன்.

உன்னைப் புகழ்வதற்காக எழுதவில்லை. புகழ்ந்தால் ‘போதும், வேலையப் பாருடி’ என்பாய். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து நீ என்னிடம் அதிகம் சொன்ன வாக்கியம் அதுதான். நான் தருமபுரியில் புள்ளியியல் சொல்லிக் கொடுக்கப் போனேன், நீ கடத்தூரில் ஒரு விதைக் கடையின் மாடியில் அறை எடுத்து வெளியூர்க் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினாய். கிணற்று நீர்மட்டத்தைக் கணிக்கும் அந்த வேலை வந்தபோதுதான் மறுபடியும் ஒரே மேசைக்கு வந்தோம்.

வேலை எளிமையானது என்றுதான் நினைத்தோம். மாவட்டத்தில் தேர்ந்தெடுத்த கிணறுகளை ஊருக்கு ஒருவர் வாரா வாரம் அளந்து ஃபோனில் அனுப்புவார். சேலம், கிருஷ்ணகிரி, பெங்களூர் என்று சில கல்லூரிக் குழுக்கள் அந்த அளவுகளை வைத்து, வரும் வாரங்களில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று தத்தம் முறையில் கணிக்கும். எல்லாக் கணிப்பையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்பது நம் பொறுப்பு. கோடையில் எந்த ஊருக்கு லாரித் தண்ணீர் என்று முடிவு செய்கிறவர்கள் அதைப் பார்ப்பார்கள்.

ஆளுக்கு ஒரு விதமாக அனுப்பினால் சேர்க்க முடியாது. அதனால் முதலில் கான்ஃபிக் ஃபைல். எந்தெந்த ஊர், எந்த வாரம், எந்த எண் செல்லும், எது கட்டாயம், எது விருப்பம் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதற்கு ஒத்துப்போகாத கோப்பு எது வந்தாலும் செக்கர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். விதை மருந்து வாசனை ஏறி வரும் அந்த அறையில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாம் அந்த ஃபைலை எழுதினோம். நான் எழுதுவேன், நீ வாய்விட்டுப் படிப்பாய். கமாவையும் அடைப்புக்குறியையும் கூட உரக்கப் படிப்பாய். “கடைசி ஊருக்குப் பின்னாலயும் கமா போட்டிருக்கற. இன்னொரு ஊரு வருமின்னு அது காத்துக்கினே நிக்கும் பாரு” என்று ஒருநாள் சொன்னாய். கீழே கடைக்காரர் நாம் ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறோம் என்றே கடைசிவரை நினைத்திருந்தார்.

தரையிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே இருக்கிறது என்பதுதான் நாம் கேட்ட அளவு. எண் கட்டாயம். சைபருக்குக் குறையக் கூடாது. அந்த வரியை நான் சொல்ல நீ அடித்தாயா, நீ சொல்ல நான் அடித்தேனா என்பது எனக்கு நினைவில்லை. இருவரும் படித்தோம், இருவரும் தலையாட்டினோம். செக்கரும் பச்சை காட்டியது.

பங்குனிக் கடைசியில், எல்லாக் குழுக்களும் தருமபுரியில் எங்கள் கல்லூரியின் சிறிய கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று மாலைக்குள் சேர்த்த கணிப்பு போக வேண்டும். நீயும் நானும் ஒப்புதல் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. நான் அழுத்திவிட்டேன். நீ மட்டும் சுவரில் விழுந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். மாவட்டம் முழுக்க மரவள்ளிக் காடு காய்ந்த நிறத்தில் இருக்க, பொம்மிடிப் பக்கம் ஒரே ஒரு புள்ளி மட்டும் கருநீலமாக இருந்தது. அது உன் ஊர்.

“எங்கூரு கடலாயிடுச்சு போல” என்றாய். சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அங்கேயே உன் சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாய். உங்கள் ஊர்க் கிணற்றை அளப்பவர் அவர்தான்.

“சித்தப்பா, கெணத்துல தண்ணி எங்க இருக்குது?”

“தண்ணி எங்கம்மா இருக்குது? கயித்துல கல்லக் கட்டி வுட்டா டொக்குன்னு பாறையிலதான் வுழுவுது. மாட்டுக்கே பக்கத்தூர்ல இருந்து மொண்டாறோம்.”

“அப்பறம் ஏன் சைபர்னு அனுப்புனீங்க?”

“ஒண்ணுமே இல்லாததுக்கு சைபர்தான போடணும்? தப்பாம்மா?”

“தப்பில்ல சித்தப்பா. நாங்க கேட்டதுதான் தப்பு.”

அறையில் சிலருக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் சைபர் அடி கீழே என்றால் கிணறு தளும்பி நிற்கிறது என்று பொருள். வற்றிப்போன கிணற்றைச் சொல்ல நம் ஃபைலில் இடமே இல்லை. காலியாக விட்டால் செக்கர் திருப்பி அனுப்பும். சைபர் போட்டால் பச்சை. கணிப்புகள் எல்லாம் அந்தப் பச்சையை நம்பி, உன் ஊருக்கு ஆவணி வரை தண்ணீர்க் கவலை இல்லை என்று ஒரே குரலில் சொல்லியிருந்தன. அப்படியே போனால் லாரி வரும் ஊர்களில் உன் ஊர் இருக்காது.

பெங்களூர்க் குழுவின் தலைவர் நல்ல மனிதர்தான். அவசரத்தில் இருந்தார். “செக்கர் பாஸ் ஆயிடுச்சே மேடம். எல்லா டீமும் ரூல்ஸ்படிதானே குடுத்திருக்காங்க? நடுவுல கான்ஃபிக்க மாத்தினா எல்லாரும் முதல்ல இருந்து ஓட்டணும்” என்றார்.

“செக்கர் ஃபைல் சரியான்னுதாங்க பாக்கும். கெணறு சரியான்னு அதுக்குத் தெரியாதுங்க.”

“ஒரு ஊருக்காகவா?”

அப்போது பின்வரிசையிலிருந்து யாரோ, மெதுவாகத்தான், “சொந்த ஊராச்சே” என்றார்கள். உன் காது சிவந்ததை நான் பார்த்தேன். நான் உன் பக்கம் சாய்ந்து, “ஓகே பண்ணிடு, அடுத்த ரவுண்டுல சரி பண்ணிக்கலாம்” என்றேன். நியாயமான யோசனை என்றுதான் எனக்கு அப்போது பட்டது. “அடுத்த ரவுண்டு வர்றதுக்குள்ள சித்திரை போயிடும். தண்ணி சித்திரையிலதான் வேணும்” என்றாய் நீ. குரல் உயரவில்லை.

பிறகு எழுந்து, “சரிங்க. எங்கூர எடுத்துருங்க. அது இல்லாதயே பாக்கலாம்” என்றாய். உன் கையாலேயே அந்தப் புள்ளியை வரைபடத்திலிருந்து அகற்றினாய். பிறகு வந்திருந்த அளவுகளில் வேறு சைபர்கள் இருக்கின்றனவா என்று தேடச் சொன்னாய். இருந்தன. பல வாரங்களில் சிதறி, அக்கம்பக்கத்துக் கிணறுகளோடு சராசரியில் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தன. இப்போது அது எவருடைய சொந்த ஊரும் இல்லை. அதன் பிறகு அவரவர் ஃபோனை எடுத்தார்கள்.

சைபர் அனுப்பியிருந்த ஒவ்வொருவரையும் கூப்பிடச் சொல்லி நீ ஒரே கேள்வியைக் கேட்டாய்: “இல்லையா, பாக்கலையா?” பாதிப் பேர் பாறை தெரிவதாகச் சொன்னார்கள். மீதிப் பேர் சொன்னது வேறு கதை. கடத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், “மச்சினிச்சி கல்யாணத்துக்கு அரூரு போயிட்டேனுங்க. வெறுசா வுட்டா ஃபோன் வாங்க மாட்டேங்குது. அதான் சைபர் தட்டி வுட்டேன்” என்றார். அவருடைய கிணற்றில் தண்ணீர் இருந்தது. அவர்தான் அங்கே இல்லை. இதைக் கேட்டு பெங்களூர்க்காரரே சிரித்துவிட்டார். “ஆயிடுச்சு, மாத்துங்க மேடம், நாங்க திரும்ப ஓட்றோம்” என்றார்.

அன்று நீ எழுதிய விதிதான் இன்றும் ஓடுகிறது. எந்தக் கோப்பில் எந்த இடமும் காலியாக இருக்கலாம், ஆனால் காரணம் இல்லாமல் இருக்கக் கூடாது. காரணம் இரண்டே இரண்டு: ‘பார்த்தோம், இல்லை’, ‘பார்க்கவில்லை’. ஃபைல் முழுக்க ஆங்கிலம் ஓட, இந்த இரண்டை மட்டும் தமிழில் வைத்தாய். கிருஷ்ணகிரிப் பெண் ஒருத்தி மூன்றாவதாக ‘மற்றவை’ என்று ஒன்று போடலாமே என்று கேட்டாள். “மற்றவைன்னு ஒண்ணு இருந்தா எல்லாரும் அதையேதான் போடுவாங்க பாப்பா” என்று முடித்துவிட்டாய். கணிப்பு சில நாள் தாமதமாகப் போனது. உன் ஊருக்கு சித்திரை பிறந்ததும் லாரி வந்தது. உன் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, “சைபர வுட்டுட்டேன் மேடம், இப்ப கரெக்டாப் போடறேன்” என்றார்.

உன்னோடு வேலை செய்வது சுலபம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கேள்வியை நீ எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டாய். ஹோட்டலில் சர்வர் வடை இல்லை என்றால், “இல்லையா, பாக்கலையா?” என் அம்மா உடம்பில் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் அதே கேள்வி. அம்மா கோபித்துக்கொண்டு, பிறகு உன்னோடுதான் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டாள். நான் அதைப் பலமுறை கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது வகுப்பில் ஒரு மாணவி அட்டவணையில் சைபர் எழுதிக்கொண்டு வந்தால் என் வாயிலிருந்து அதேதான் வருகிறது. அவர்கள் என் பின்னால் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். உனக்குச் சேர வேண்டியதை நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

போன கார்த்திகையில் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். பிறகு நுரையீரல் என்றார்கள். அந்த வாரமே முடிந்துவிட்டது. காலை ரயிலில் பொம்மிடியில் இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் உன் சித்தப்பா பைக்கோடு நின்றிருந்தார். உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். முகம் நீ ஏதோ பிழையைக் கண்டுபிடித்துவிட்டுச் சொல்லாமல் இருக்கிற மாதிரிதான் இருந்தது. வெளியே வந்தபோது சித்தப்பா, “நல்லாப் பாத்துட்டியாம்மா?” என்று கேட்டார். “பாத்துட்டேங்க” என்றேன். அந்த வாரம் அவர் கிணறு அளக்கவில்லை. உன் ஊருக்கு நேரே ‘பார்க்கவில்லை’ என்று வந்திருந்தது.

அதன் பிறகு உன் பெயரை எடுக்காமல் இத்தனை மாதம் ஓட்டினேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, மழைக்காலத்தில் புதிய ரவுண்டு இல்லை. இப்போது மறுபடி கோடை வருகிறது. உன் இடத்துக்கு அந்தக் கிருஷ்ணகிரிப் பெண் வருகிறாள், அடுத்த மாதம்தான் சேர்கிறாள். அதுவரை அந்த இடம் காலி. பெங்களூர்க்காரர், “உங்க பேரையே ரெண்டு இடத்திலயும் போட்டுடுங்க மேடம், செக்கர் கேக்காது” என்றார். கேட்காதுதான், நானும் யோசித்தேன். இருவர் பார்க்க வேண்டிய இடத்தில் ஒருத்தியே இரண்டு பேராக நிற்பதும், வற்றிய கிணற்றில் சைபர் போடுவதும் ஒன்றுதான். எனக்கு உன்னைப் போல அறை நிறைந்த ஆட்களை எதிர்த்து நிற்கத் தெரியாது. என் பெயரை அங்கே போடாமல் இருக்கும் அளவுக்கு வரும்.

நீ இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை. இதை எங்கேயாவது ஒரு முறை எழுதிவிட வேண்டும் என்றிருந்தது, எழுதிவிட்டேன்.

மறுபடி ஃபைலுக்குப் போனேன். சிவப்பு வரி அப்படியே இருந்தது. காரணம் என்ற இடத்தில் கர்சரை வைத்ததும் நீ அனுமதித்த இரண்டும் வந்து நின்றன. மூன்றாவது இல்லை. ‘மற்றவை’ என்று ஒன்று இருந்திருந்தால் அதைத்தான் தொட்டிருப்பேன். அதற்காகத்தான் நீ வைக்கவில்லை. ‘பார்த்தோம், இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். கமாக்களை உரக்கப் படித்துச் சரிபார்த்தேன். செக்கரை ஓட்டினேன்.

எல்லா வரியும் பச்சை. ஃபைல் சரியாக இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம், வேறொன்றும் இல்லை.