நீ போடச் சொன்ன பத்தி

இன்று காலை ஹீட்டர் பிளக் கருகி, வீடெங்கும் பிளாஸ்டிக் வாடை. பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு, கம்பியைப் புறங்கையால் லேசாகத் தட்டிப் பார்த்தார். "டெஸ்டர் இல்லையா?" என்றேன். "வண்டில கீது சார்" என்றார். உன் நினைவு வந்தது.

உள்ளங்கையால் தொட்டால் கை கம்பியைப் பற்றிக்கொள்ளும், புறங்கையென்றால் உதறிக்கொண்டு விலகிவிடும் என்று எனக்குச் சொன்னவன் நீ. ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடம் பராமரிப்பு எலக்ட்ரீஷியனாக இருந்தவனுக்கு அது யோசிக்காமல் வரும் பழக்கம். தொழிற்சாலைக் கூரையில் சோலார் பேனல்கள் ஏறியபோது, டிப்ளமா படித்தவருக்குத்தான் அந்தப் பொறுப்பு என்றார்கள். ஐ.டி.ஐ. மட்டும் முடித்திருந்த நீ, நாற்பத்தைந்து வயதில் மின்திறனும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் படிக்க மாலைக் கல்லூரியில் சேர்ந்தாய். வாலாஜாபாத் பள்ளியில் என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதியவன்! மாலை வகுப்பில் எல்லோரும் உன்னை 'அங்கிள்' என்றார்கள்.

செய்முறைத் தேர்வு ஒரு ஞாயிறு பகலில், கல்லூரி மொட்டை மாடியில் நடந்தது. பேனல் வரிசையின் இணைப்பைத் துண்டித்துக் காட்ட வேண்டும். இன்வெர்ட்டரை அணைத்தாய். அடுத்து உன் புறங்கை கம்பியை நோக்கிப் போனது. தேர்வாளர் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஆஃப் பண்ணிட்டேன் சார்."

"கீழ பண்ணிட்டீங்க. மேல வெயில் அடிக்குதே, அதை யாரு ஆஃப் பண்றது?"

வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் இருக்கும். புத்தகத்தில் அதை நீயே கோடிட்டு வைத்திருந்தாய். தேர்வில் தோற்றாய்.

ஷிஃப்ட் முடிந்து படிக்கும் தொழிலாளி என்று அப்போது உன்னைப் பற்றி எங்கள் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தோல்வியை விட்டுவிட்டு எழுதியதை டீக்கடையில் உனக்குப் படித்துக் காட்டினேன்.

"இன்னாபா, கல்யாண மாப்ளய சொல்ற மாரி எழுதிகினு கீற? ஃபெயிலானத போடு."

"போட்டா உன்னை கூரைக்கு ஏத்த மாட்டாங்கடா."

"நம்ம பசங்க அத்தினி பேரும் புறங்கையாலதான் தொட்டுப் பாக்குறானுங்க. நாளைக்கு ஒருத்தன் மேல ஏறுனா? போடுபா."

தனிப் பத்தியாகப் போட்டேன். அந்த வாரமே கூரைப் பொறுப்பு கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த டிப்ளமாக்காரர் ஒருவருக்குப் போனது. அடுத்த தேர்வில் நீ தேறினாய். பொறுப்பு மட்டும் உன்னிடம் வரவில்லை. நான் வருத்தம் சொன்னபோது, "வுடு, பாஸாய்ட்டன்ல" என்றாய். அதற்கு மேல் அதைப் பற்றி நாம் பேசவில்லை.

போன மாசியில் உன் மாரடைப்புச் செய்தி வந்தது. சாவுக்கு அந்தக் கோவில்பட்டிக்காரரும் வந்திருந்தார். என் பெயரைக் கேட்டதும் ஓரமாக அழைத்துப் போனார்.

"அந்தப் பத்தியைத்தான் சார், கூரைக்கு ஏறுத ஒவ்வொருத்தனுக்கும் வாசிச்சுக் காட்டுதேன். அண்ணாச்சி பேரோட. பேரை விட்டுட்டு வாசிக்கட்டுமான்னு அவர்ட்டயே கேட்டேன். 'பேரு இல்லன்னா எவன் நம்புவான்'னுட்டாரு."

அதை நீ என்னிடம் சொல்லவே இல்லை.

இப்போதெல்லாம் யாரைப் பற்றி எழுதினாலும், அவர் தவறிய இடத்தை நானாக நீக்குவதில்லை. போடலாமா என்று அவரிடமே கேட்கிறேன். பெரும்பாலும், வேண்டாம் என்கிறார்கள்.