சுவரில் இரண்டு கறைகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று படம் எடுத்த வீட்டின் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். அகல லென்ஸைப் போட்டேன், பந்து விளையாடலாம் போல விரிந்துவிட்டது. வீடு விற்கும் கம்பெனிக்குப் படம் எடுப்பவளின் கைவித்தை இவ்வளவுதான். மேனேஜரின் சட்டம்: படத்தில் ஆள் கூடாது, செருப்பு கூடாது, காயும் துணி கூடாது. யாரோ வாழ்ந்த அடையாளமே கூடாது.

இரவுச் சாப்பாட்டின்போது கணவர், "நம்ம வீட்டையும் ஒரு தடவை எடேன், கொஞ்சம் பெருசாகட்டும்" என்றார். சிரித்தேன். பாத்திரம் கழுவும்போது சிரிப்பு போய்விட்டது. ஏன்?

மார்ச் 9, ஞாயிறு

நான் படங்கள் அனுப்பியிருந்த புகைப்படப் போட்டியின் முடிவு வந்தது. தேர்வாகவில்லை. நடுவர் எழுதியிருக்கிறார்: "படங்களில் குறையே இல்லை. ஆனால் எடுத்தவர் யார் என்று தெரியவில்லை."

பெயர்தான் அடியில் போட்டிருந்தேனே — அவர் அதைச் சொல்லவில்லை, தெரியும். குறையே இல்லை என்பது பாராட்டா, வசவா?

மார்ச் 10

எடுத்தவளுக்கே தெரியவில்லை. நடுவரைச் சொல்லி என்ன பயன்.

மார்ச் 16, ஞாயிறு

உற்சாகம் தேடிக் கடைத்தெருவுக்குப் போனேன். குட்டையில் தெரிந்த வானம், துருப்பிடித்த பூட்டு, கம்பியில் காக்கை. எல்லாம் எல்லாரும் எடுத்தவை. தக்காளி விற்கிற அம்மா, "எதுக்கும்மா எடுக்குற?" என்றார்.

"சும்மாதான்."

"சும்மா எடுக்கவா இவ்ளோ பெரிய கேமரா?"

அரைக்கிலோ தக்காளி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

இன்றைய வீட்டை விற்கிறவர்கள் பிரியப்போகிற கணவனும் மனைவியும். அவள் தையல்காரி. அவர் பஸ் ஓட்டுகிறவர், ஏற்கெனவே வேறு இடத்துக்குப் போய்விட்டார், சாவி கொடுக்க மட்டும் வந்திருந்தார்.

படுக்கையறையில் கட்டிலை எடுத்துவிட்டார்கள். சுவரில் மட்டும் இரண்டு கறைகள், பக்கத்தில் பக்கத்தில். தலை சாய்த்துச் சாய்த்து எண்ணெய் ஏறிய இடங்கள். கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே கேமராவைத் தூக்கினேன்.

"அதை எனக்குன்னு ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்றாள் தையல்காரி. சொல்லிவிட்டு, தானே போய் ஒரு கறைக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். வாசற்படியில் நின்றவர் கொஞ்ச நேரம் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் உக்காரலாமா?"

அவள் தள்ளி உட்காரவில்லை. அவர் உட்கார்ந்தார். இருவரும் முன்னால் பார்த்தார்கள். ஒரே ஒரு படம். கேமராத் திரையில் இருவருக்கும் காட்டினேன்.

மார்ச் 22

கம்பெனிக்கான படத்தில் இரண்டு கறைகளையும் அழித்து அனுப்பினேன். மற்றதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இதை நான்தான் எடுத்தேன் என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது. எப்படி என்று தெரியவில்லை.

அடுத்த போட்டிக்கு இதுதான்.

மார்ச் 26, புதன்

தையல்காரி போன் செய்தாள். "அந்தப் படத்தை அழிச்சிடுங்க. அவருக்கும் குடுக்காதீங்க."

"ஏங்க, நல்லா வந்திருக்கே."

"அதனாலதான்."

மதியம் பஸ்காரர் அலுவலகத்துக்கே போன் செய்து ஒரு பிரதி கேட்டிருக்கிறார். மேனேஜர் கூப்பிட்டார். "நாம விக்கிறது வீட்டை. அவங்க குடும்பத்தை இல்ல. இன்னொரு தடவை இப்படி நடந்தா வேற ஆள் பார்த்துப்பேன்."

யார் படம் இது? கேட்டவளுடையதா, கூட உட்கார்ந்தவருடையதா, எடுத்தவளுடையதா? அக்காவிடம் கேட்டேன். "ஊரான் வீட்டு வம்பை விலைக்கு வாங்கிட்டு என்கிட்ட வந்து கேளு" என்றாள். பத்து வருஷத்தில் எனக்கு ஒன்றே ஒன்று சரியாக வந்தது, அதையும் அழிக்க வேண்டுமா?

மார்ச் 30, ஞாயிறு

தையல்காரி குடிபோன அறைக்குப் போனேன். தையல் மெஷின், பாதி அவிழ்த்த மூட்டைகள். படத்தைப் பாதியாக வெட்டி, அவள் இருக்கிற பக்கத்தை மட்டும் தரட்டுமா என்றேன். சொல்லும்போதே அது படமாக இருக்காது என்று தெரிந்தது.

"வேணாங்க. அதுல நாங்க சேர்ந்து இருக்கற மாதிரி இருக்கு. யாராவது பார்த்தா, இவ்ளோ நல்லா இருந்தவங்களுக்கு என்ன வந்துச்சுன்னு கேப்பாங்க. நானே கேட்டுக்கிறேன். நான் முடிவு பண்ணது தப்போன்னு ராத்திரியெல்லாம் இருக்கு."

போட்டியைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. கேமராவில் இருந்ததை அவள் முன்னாலேயே அழித்தேன். வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அழித்துவிடுவதாகச் சொன்னேன், வந்ததும் அழித்தேன். சரி செய்தேனா, ஏமாந்தேனா?

கிளம்பும்போது, "இங்க வேணா எடுங்க" என்றாள். மூட்டைகளுக்கு நடுவில் நின்றாள். சுமாரான படம். அவளுக்குப் பிடித்திருந்தது.

ஏப்ரல் 2

பஸ்காரரைக் கூப்பிட்டு அழித்துவிட்டதைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். பின்னால் பயணிகளின் இரைச்சல்.

"அவ கேட்டுச் செஞ்சீங்கன்னா சரிதாங்க."

வைத்துவிட்டார். அந்தப் படத்தில் அவர் முகம் எப்படி இருந்தது என்று யோசித்தேன். பார்த்த மாதிரியே நினைவில் இருக்கிறது.

ஏப்ரல் 13

போட்டிக்குக் கடைசி நாள். எதுவும் அனுப்பவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

தையல்காரியிடம் தைக்கத் துணி கொடுக்கிற டீச்சர் ஒருத்தி, அவள் சொன்னதாகக் கூப்பிட்டாள். குடும்பத்தோடு வீடு மாறுகிறார்களாம், இப்போது இருக்கிற வீட்டில் எல்லாரையும் வைத்து ஒரு படம் வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னேன். அன்று கம்பெனி வேலை இருந்தது, மேனேஜரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

"என்ன போடணும், எங்க நிக்கணும், எல்லாம் முன்னாடியே சொல்லிடுங்க" என்றாள் டீச்சர்.

"எதுவும் மாத்த வேணாம். நான் வந்து கொஞ்ச நேரம் உங்களோட உக்காந்திருக்கேன். அப்புறம் யாருக்காவது எடுக்க வேணாம்னு தோணினா அதையும் சொல்லலாம்."

அவள் சிரித்தாள். "இப்படி ஒரு போட்டோகிராஃபரா?"

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி காதிலேயே இருந்தது. கேமராவுக்குச் சார்ஜ் போட்டுவிட்டு, எந்தப் புடவை கட்டுவது என்று பார்க்கப் போனேன்.