பெரிய வெள்ளியன்று போடாத ஊசி

சேசு மரி சூசை

தருமபுரம், காரைக்கால்
6 மே 2025

அன்பு மகள் ஜோவிதாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஆண்டவர் கிருபையால் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மருமகனும் எலீஸ் குட்டியும் அங்கே லியோனில் சுகமாயிருக்க வேண்டுமென்று காலைச் செபத்தில் மூன்று பெயரையும் தனித்தனியாகச் சொல்லி வேண்டுகிறோம், அம்மா உன் பெயரை இரண்டு தடவை சொல்கிறாள். இங்கே வெயில் ஏறிவிட்டது, மதியம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. வரிச்சிக்குடிப் பக்கம் உளுந்து எடுத்து முடித்து வயல் எல்லாம் வெடித்துக் கிடக்கிறது. உன் தம்பி டைட்டஸ் உயிர்ப்புத் திருநாளுக்குத் திருச்சியிலிருந்து வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனான். அவனுடைய இரத்தச் சோதனை முடிவு வந்துவிட்டது, என் நோய் அவனுக்கு இல்லை. பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் வர பாதி வாய்ப்பு, வராமலிருக்க பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். சோதிக்காதவள் இப்போது நீ மட்டும்தான். போனில் இதை ஆரம்பித்தால் ‘அப்பா, அப்புறம் கூப்புடுறேன்’ என்பாய், அதனால் எழுதுகிறேன். பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸாப்பிலும் அனுப்பிவிடுவேன், தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

போன வாரம் நீ அனுப்பிய எலீஸின் பள்ளிச் சுற்றுலாப் படத்தை அம்மா விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ‘ஏங்க, யாருங்க இந்தப் புள்ள, நம்ம எலீஸு எங்க நிக்கிறா’ என்று கேட்டாள். நான் வாங்கிப் பார்த்தேன். கவுன் அம்மா தைத்து அனுப்பிய மஞ்சள் கவுன்தான். முகம்தான் எலீஸுடையது அல்ல. இடது கண் மூடியிருந்தது, மேல் உதடு கீழ் உதட்டின் மேல் தொங்கியது. தேனீ கொட்டியிருக்கும், செவ்வாய்க்கிழமைக்குள் வற்றிவிட்டது என்று நீ கீழே எழுதியிருந்தாய். அம்மாவுக்குத் தன் பேத்தியை அடையாளம் தெரியவில்லை. எனக்கு அந்த முகத்தைத் தெரிந்தது, அதற்கு முன் மூன்று பேரிடம் அதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அவளுக்கு வயிறு வலித்து வாந்தி எடுக்கிறாள், மூன்றாம் நாள் ஒன்றுமே நடக்காதது போல விளையாடப் போகிறாள் என்று நீதான் சொன்னாய். அதனால் நேரே சொல்லிவிடுகிறேன், நீயும் எலீஸும் இரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டும். கடிதம் இதற்குத்தான். உன் கல்யாணத்தன்று விரல் வீங்கி மோதிரம் ஏறாமல் பங்குச்சாமியார் காத்து நின்றதும், எல்லாரும் சிரித்ததும் எனக்கு இப்போது சிரிப்பாக இல்லை.

நோய் என்ன என்பதை வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறேன். ஒரு வகுப்பில் ஒருத்தி சிரித்தால் பக்கத்தில் இருப்பவளும் சிரிப்பாள், வகுப்புத் தலைவி எழுந்து ‘போதும்’ என்றால் அடங்கும். நம் குடும்பத்து இரத்தத்தில் அந்தத் தலைவி போதிய அளவு இல்லை. அதனால் ஒரு சின்ன அடி, ஒரு பல் பிடுங்கல், ஒரு மனவேதனை, சில நேரம் காரணமே இல்லாமல், உடம்பில் ஓரிடத்தில் நீர் கோத்துக்கொண்டு வீங்குகிறது, நிறுத்த ஆள் இல்லை. அரிப்புக்குக் கொடுக்கிற ஊசி, மாத்திரை எதற்கும் இது கேட்காது. கையில், வயிற்றில், முகத்தில் வந்தால் இரண்டு மூன்று நாளில் தானாக வற்றிவிடும். தொண்டையில் வந்தால் மூச்சு நிற்கும். வருவதற்கு முன்னால் சிலருக்கு நெஞ்சிலும் கையிலும் அரிப்பில்லாத சிவப்புக் கோடு வளையம் வளையமாகத் தோன்றும். உன் தாத்தா அதைக் கையெழுத்து என்பார், அது கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வரும் என்பார். எலீஸைக் குளிப்பாட்டும்போது பார்.

தாத்தாவும் அவர் காலத்தவர்களும் இதை நோய் என்று நினைக்கவில்லை. முகம் வந்திருக்கு என்பார்கள், வேறு யாரோ வந்து நம் ஆளின் மேல் உட்கார்ந்திருப்பது போல. அதற்கு வீட்டில் ஒரு முறை இருந்தது. கூடத்துக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டுவார்கள். முகம் வந்தவரை அறைக்குள் விட்டு, சாப்பாட்டை வாசலில் வைப்பார்கள். மூன்று நாள் அவரோடு யாரும் பேசக்கூடாது, கூப்பிட்டால் பதில் சொல்லக்கூடாது, பதில் சொன்னால் அது இங்கேயே தங்கிவிடும். தாத்தாவுக்கு முப்பது தடவையாவது வந்திருக்கும், முப்பது தடவையும் மூன்றாம் நாள் போனது, அதனால் முறை பலிக்கிறது என்று உறுதியாக நம்பினார். என் வகுப்பில் ஒரு மாணவி மணியடிப்பதற்குச் சற்று முன் தினமும் புத்தகத்தை மூடுவாள், அவள் மூடுவதால்தான் மணி அடிக்கிறது என்று பக்கத்தில் இருந்தவள் ஒரு வருடம் நம்பியிருக்கிறாள். நாங்கள் மூன்று தலைமுறை நம்பினோம்.

அறுபத்தேழாவது வயதில் பல் பிடுங்கப் போய் முகம் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் எனக்கு நோயின் பெயர் தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தடுப்பு ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த வீட்டு கைருன்னிஸாவை உனக்குத் தெரியும், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் வெறும் தண்ணீர் ஏற்றிய ஊசியைக் கொடுத்து ஒரு கத்தரிக்காயில் குத்தப் பழக்கினார், அம்மா அந்தக் காயைக் குழம்பில் போட மறுத்துவிட்டாள். ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு ஊசிக்கு மட்டும். திருவேட்டக்குடி மீன்காரம்மா கொடுத்த வஞ்சிரத் துண்டை ஒருநாள் அங்கே வைத்ததற்கு நான் பேசிய பேச்சை அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். ஊசி நாளில் காலை பத்து மணிக்கு வெளியே எடுத்து வைப்பேன், கால் மணி நேரம் அது தானாகக் குளிர் விட வேண்டும், குலுக்கக்கூடாது, வெயிலில் காட்டக்கூடாது. மருந்து தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, கை கழுவி, தொப்புளிலிருந்து மூன்று விரல் தள்ளித் துடைத்து, ஈரம் காய்ந்ததும் சதையைப் பிடித்துக் குத்துவேன். போன முறை இடது பக்கம் என்றால் இந்த முறை வலது பக்கம், கோவில் காலண்டரில் குறித்து வைக்கிறேன். எறும்பு கடிப்பதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பதினான்கு மாதம் முகம் வரவில்லை. ஆனால் ஒன்று, இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அது போய்விட்டது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வாசலுக்கு வெளியே நிற்கிறது, நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறேன் என்றுதான் தோன்றியது. அறிவியல் வாத்தியார் எழுதுகிற வாக்கியம் இல்லை, ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி ஊசி நாள், அது பெரிய வெள்ளியாக அமைந்துவிட்டது. நம் வீட்டில் பெரிய வெள்ளியன்று ஆணி அடிப்பதில்லை, ஊசியில் நூல் கோப்பதில்லை, ஆண்டவர் உடம்பில் ஆணி இறங்கிய நாள் என்று உனக்கும் சொல்லி வளர்த்தோம். அம்மா ‘இன்னிக்கு மட்டும் குத்திக்க வேணாங்க, நாளைக்குப் போட்டுக்கலாம்’ என்றாள். எனக்கும் மனம் வரவில்லை. மறுநாள் உயிர்ப்புத் திருவிழிப்பு இரவுப் பூசைக்குக் கிளம்புகிற அவசரம், அதற்கு மறுநாள் டைட்டஸும் விருந்தும். அதன் பிறகு அடுத்த முறைக்கே சேர்த்துக்கொள்ளலாம், இத்தனை மாதம் வராதது இனிமேலா வரப்போகிறது என்று விட்டுவிட்டேன். பிள்ளைகளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன், மழை பெய்யவில்லை என்று கூரையைப் பிரிக்கிறவன் போல இருக்காதே என்று. நானே பிரித்தேன்.

இருபத்தாறாம் தேதி சனிக்கிழமை, டைட்டஸ் ஊருக்குப் போய்விட்டான். சாப்பிட்டுப் படுத்து மூன்று மணிக்கு எழுந்து கூடத்துக்கு வந்தேன். கண்ணாடி சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அதன் பின்பலகையும் ஆணியும் நூலாம்படையும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, ஜோவிதா. வலி இல்லை, எரிச்சல் இல்லை, இடது கண் மட்டும் பாதி திறந்தது. அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். ‘செல்வி, தண்ணி குடு’ என்றேன், குரல் என் குரலாக இல்லை. அவள் என்னைப் பார்த்தாள், பதில் சொல்லவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். கண் கலங்க அப்படியே நின்றாள், வாய் திறக்கவில்லை. மருமகளாக வந்த முதல் வருடம் தாத்தா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது, நாற்பது வருடம் கழித்து, நோயின் பெயரும் ஊசியும் தெரிந்த பிறகும், அவளைக் கேட்காமலே அவள் காலைப் பிடித்து நிறுத்தியிருந்தது. வந்தபின் போடுகிற ஊசி ஒன்று தனியாக உண்டு, அலமாரியில் இருந்தது, எடுத்தும்விட்டேன். ஆனால் வலது கை கையுறை மாட்டியது போல உப்பி விரல் மடங்கவில்லை, மூடியைக் கழற்ற முடியவில்லை. எச்சில் விழுங்கினால் தொண்டையில் ஏதோ தடுத்தது. மேசை மேல் இருந்த டம்ளரை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன். ஏன் தட்டினேன் என்று பிறகுதான் யோசித்தேன்.

கைருன்னிஸா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். ‘யாரு சார் தட்டுறது, அக்கா இல்லையா வூட்டுல’ என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். நம் முறை அவருக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்து ஒரு கணம்கூட நிற்கவில்லை. ‘அக்கா, என்ன செல மாதிரி நிக்கிறீங்க, ஆம்புலன்ஸுக்கு போன் போடுங்க’ என்று சொல்லிக்கொண்டே என் கையிலிருந்து வாங்கி வயிற்றில் குத்திவிட்டார். வண்டி வரும்வரை பேசிக்கொண்டே இருந்தார். ‘பெரிய வெள்ளின்னு ஊசிய தள்ளி வச்சீங்களாமே சார், நல்லா இருக்கு கூத்து, நான் நோம்பு வச்சிக்கிட்டே எத்தன பேருக்குக் குத்திருக்கேன், அல்லா ஒன்னும் கோச்சிக்கல’ என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை, ஆனால் சிரிக்க வேண்டும் போல இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஊசியைத் தள்ளியதால்தான் வந்தது என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, போட்டாலும் எப்போதாவது வரலாமாம், ஆனால் தள்ளாதீர்கள் என்றார். அவருக்குக் காட்ட கைருன்னிஸா எடுத்த என் படம் போனில் இருக்கிறது. அது நான் இல்லை. அது தாத்தா, அது எலீஸ். வீக்கம் எல்லா முகத்திலும் ஒரே இடத்தை நிரப்புவதால் எல்லாரும் ஒரே ஆளாகத் தெரிகிறார்கள், காரணம் எனக்குப் புரிகிறது. புரிந்த பிறகும் அந்தப் படத்தை இரண்டாம் முறை திறக்கவில்லை.

அந்த முகத்தை மூன்று பேரிடம் பார்த்தேன் என்றேனே, தாத்தாவும் நானும் போக மூன்றாவது ஆள் உன் அத்தை ஜோஸ்பின். காய்ச்சலில் போனாள் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன், அது பொய். அவளுக்குப் பத்தொன்பது வயது, தட்டச்சு படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு இருபத்துமூன்று, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். முகம் வந்து இரண்டாம் நாள் மத்தியானம், நான் அவள் அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து எட்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். உள்ளே டம்ளரைத் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் வேகமாக, பிறகு விட்டுவிட்டு. கூப்பிட முடியாததால் தட்டுகிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதில் சொல்லக்கூடாது என்பதால் நான் சொல்லவில்லை. சத்தம் நின்றதும் தூங்கிவிட்டாள் என்று நினைத்து மீதித் தாள்களையும் திருத்தி முடித்தேன். அடக்கம் முடிந்து வந்து தாத்தா ‘எவனோ பதில் சொல்லிருக்கான், அதான் தங்கிடுச்சு’ என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் சொல்லவில்லை அப்பா என்றேன். அது உண்மை. நாற்பத்தாறு வருடமாக அந்த உண்மையைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

இதுவரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘நான் பேசாம நின்னதையும் எழுதிட்டீங்கல்ல, எழுதுங்க, அவளுக்குத் தெரியட்டும், படிச்சவங்களுக்கும் இப்படித்தான் ஆவும்’ என்றாள். சோதனையின் பெயர்களைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், சி4, சி1 இன்ஹிபிட்டர் இரண்டும். தாத்தா, அத்தை, அப்பா என்று குடும்ப விவரத்தையும் டாக்டரிடம் சொல். முடிவு வரும்வரை எலீஸுக்குப் பல் வைத்தியம் எதுவும் வேண்டாம். பெண்கள் சாப்பிடுகிற சில மாத்திரைகள் இந்த நோய்க்கு ஆகாதாம், அதைப் பற்றி கைருன்னிஸா உன்னிடம் தனியாகப் பேச வேண்டுமாம், அதை அப்பா எழுத முடியாது. மூச்சோ குரலோ மாறினால் உடனே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடு, மூன்றாம் நாளுக்குக் காத்திருக்காதே. முகம் எப்படி மாறியிருந்தாலும் பக்கத்தில் உட்கார், எலீஸ் என்று பெயர் சொல்லிக் கூப்பிடு, மூச்சு விட முடிகிறதா என்று கேள், அவள் சொல்லும்வரை விடாதே.

உனக்கும் மருமகனுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீரும் முத்தங்களும். வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காது மூடிக்கொண்டு போ. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்காராதே, அப்பாவிடம் கோபப்படவும் அழவும் பிறகு நேரம் இருக்கிறது. முதலில் இரண்டு பேரும் இரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
ம. ஆரோக்கியஜோசப்