பதில் மணி

நவ. 8, சனி

சர்ச்சுக்கு வருகிறவர்கள் பேசிக்கொள்வதுபோல நான் சனிக்கிழமைதோறும் கோலாருக்குப் போவது செல்போன் பழக அல்ல. பி.சி.ஏ. படிக்கிறேன், தொலைதூரக் கல்வியில். இந்த செமஸ்டர் ஆபரேட்டிங் சிஸ்டம். ஒரே கம்ப்யூட்டரில் பல வேலைகள் ஓடும்போது எது முன்னே, எது காத்திருப்பது என்கிற பாடம். பொழுது போகாமல் படிக்கவில்லை. பொழுது போதவில்லை.

காற்று. தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டுத் தூசி ஜன்னல் கட்டை முழுக்க. துடைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

இன்று பிராக்டிகல் தேர்வு. கேள்வி: இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று சைகை கொடுத்து மாறி மாறி ஓட வேண்டும். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை, கேஜையே எழுதினேன். கேஜ் இறங்கும் குழியான ஷாஃப்ட்டின் அடியில் மணி அடிப்பவர் ஒரு வேலை. மேலே, கேஜை இறக்கி ஏற்றும் வைண்டிங் எஞ்சினில் என் கணவர் இன்னொரு வேலை. உயிரோடிருந்தவரை அவர் சொன்னது: மணி வராமல் லீவரில் கை வைக்கக் கூடாது. அதையே இரண்டு பக்கத்துக்கும் எழுதினேன்.

ஓட்டினேன். திரையில் ஒன்றுமில்லை. கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டு.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர், என் மகன் வயதுகூட இல்லை. "எழுந்திரிங்கம்மா, பஸ்ஸு போயிடும். நான் மார்க் போட்டுக்கறேன்."

"புரோகிராம் ஓடலையே சார்."

"இந்த வயசுல வந்து உக்காந்ததே பெருசும்மா."

முழு மதிப்பெண். பக்கத்து மேஜை ஷபானா காதோடு: "அஜ்ஜி, நீங்க லக்கி! என்னுது ஓடியும் நோண்டி நோண்டி கேட்டாரு."

கான்வென்டில் ஒரு சிஸ்டர், அல்ஜிப்ராவில் எனக்குப் பூஜ்யம் போட்டார். அழுதேன். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. அது என்னுடையது. இது என்னுடையதல்ல.

நவ. 9, ஞாயிறு

தூறல். குடை பிடிக்கவும் முடியாது, பிடிக்காமலும் முடியாது.

பூசை முடிந்து சர்ச் வாசலில் நாத்தனார் லில்லி, எங்கள் ஸ்கெலட்டன் குடியிருப்பு முழுக்கக் கேட்கிற குரலில்: "எங்க அண்ணி ஃபுல் மார்க்கு!" பிறகு என்னிடம், "இன்னா அண்ணி, மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு கீறீங்க?"

"ஓடாத புரோகிராமுக்குப் போட்ட மார்க், லில்லி. திருப்பிக் கொடுக்கப்போறேன்."

"ஐயய்ய! ஃபெயிலாக்கிட்டா?"

"ஆக்கட்டும்."

"எங்கண்ணன் ஒரு தினுசுன்னா நீங்க அதுக்கு மேல."

ஃபெயில் என்றால் அடுத்த வருடம் மறுபடியும். அடுத்த வருடங்கள் என்னிடம் நிறைய இல்லை. ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

நவ. 10, திங்கள்

வாங்க: சீரகம், பென்டிரைவ், முட்டிக்குத் தைலம்.

தேர்வாளரிடம் பேச வேண்டும் என்று கோலார் ஸ்டடி சென்டருக்கு போன் செய்தேன். "சாரே கூப்பிடுவாரும்மா." குளிக்கப் போனபோதும் போன் கதவுக்கு வெளியே ஸ்டூல் மேல். கூப்பிடவில்லை. பீரோவை இரண்டு முறை அடுக்கினேன். ஜெபமாலையில் எந்த மணியில் இருந்தேன் என்று மறந்து, முதலிலிருந்து.

நவ. 11, செவ்வாய்

புரிந்துவிட்டது.

மேலே இருப்பவர் கீழிருந்து வரும் மணிக்குக் காத்திருக்கிறார். கீழே இருப்பவர் மேலிருந்து வரும் மணிக்கு. இருவரும் ஒழுங்கானவர்கள். கேஜ் அசையவே இல்லை. டெட்லாக். பாடப் புத்தகத்தில் அடிக்கோடு போட்டுப் படித்ததுதான். என் கணவர் மேலே வேலை பார்த்தவர். வீட்டில் சொன்னதெல்லாம் மேலே இருப்பவனுக்கான விதி. நான் அதைக் கீழே இருப்பவனுக்கும் போட்டுவிட்டேன்.

லில்லி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் சுரங்கத்துக்குள்ளே, அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். "மொத மணி யாரு அடிப்பாங்க, லில்லி?"

"கீழ கீறவன்தான். மேல வர்றதுக்கு அவனுக்குத்தான அவசரம்? மேல கீறவருக்கு இன்னா, பீடி பத்திக்கினு குந்திக்கினு கீறாரு."

"உங்கண்ணன் பீடி குடிச்சதே இல்லை."

"வீட்ல."

முதல் மணியைக் கீழே இருப்பவர் காத்திராமல் அடிக்கும்படி ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். ஓடியது. கீழ், மேல், கீழ், மேல் என்று வரிவரியாக. லில்லி எட்டிப் பார்த்து, "த்தூ, இதுக்கா மூணு நாளா சோறு எறங்கல?"

போனைப் பார்த்தேன். இன்றும் இல்லை. எப்படி வரும்? மேலே இருப்பவர் தேர்வாளர். அவசரம் எனக்கு.

நவ. 12, புதன்

வெயில். பதிவுத் தபால். தேர்வாளருக்கு, சென்டர் முகவரிக்கு. நகல் இங்கே:

ஐயா, சனிக்கிழமை என் புரோகிராம் ஓடவில்லை. அதற்கு நீங்கள் போட்ட மதிப்பெண்ணை நீக்கிவிடவும். மற்ற மாணவர்களைக் கேட்டதுபோல என்னையும் கேட்டு, வருவதைப் போடவும். தவறு எங்கே என்று பிறகு கண்டுபிடித்தேன். அதை அன்றைய கணக்கில் சேர்க்க வேண்டாம். பூஜ்யம் வந்தாலும் ஏற்றுக்கொள்வேன். போனில் சொல்ல வேண்டாம். நான் எந்த நாளில் வர வேண்டும் என்று எழுத்தில் பதில் அனுப்பவும்.