கடைசிக் கோட்டில் ஒரு கையெழுத்து

ஜூலை 6

என் அன்பான வாயாடிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நீ கல்லூரிக்குப் போய் முழுசாக மூன்று வாரம் ஆகிறது. வந்தது ஒரே ஒரு கடிதம், அதுவும் அரைப் பக்கம். வீட்டில் இருந்தபோது உன் வாயை மூட நான் கெஞ்ச வேண்டியிருக்கும். இப்போது பேனாவுக்கு என்ன வந்தது?

போனில் பேசலாமே என்று கேட்டிருந்தாய். பட்டறை போனை எடுத்தால் மேஸ்திரி பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொள்கிறார். அம்மாவோ உன் குரலைக் கேட்டதுமே அழ ஆரம்பித்துவிடுகிறாள், பேச்சே நடப்பதில்லை. கடிதம் என்றால் சனிக்கிழமை சாயங்காலம் நான் குளித்துவிட்டு வந்ததும் பாயைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குத்தான் எழுத்துத் தெரியாதே. "அவ சாப்பிட்டான்னு எழுதியிருக்கிற இடத்த இன்னொரு தடவை படிடா" என்பாள். நீ எழுதாவிட்டாலும் அதை நானே சேர்த்து வாசித்துவிடுகிறேன். என்னைப் பொய்யனாக்காமல் ஒழுங்காக எழுது.

பட்டறையில் என்னை டயர் சுரண்டும் மெஷினில் போட்டுவிட்டார்கள். தும்மினால் ரப்பர் தூள்தான் வருகிறது. போன வாரம் பத்து நிமிடம் தாமதம் என்று ஒரு மெமோ கொடுத்தார்கள். வழக்கம்போலப் படிக்காமல் கடைசிக் கோட்டில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மெமோவைக் கையில் வைத்துப் படிக்கிறவனுக்கு மறுநாள் இன்னொரு மெமோ வரும். பதினோரு வருடத்தில் நான் கற்ற படிப்பு அதுதான்.

அம்மாவுக்கு இழுப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது. கவலைப்படாதே. தெருக்கோடி கிளினிக் கம்பவுண்டர் வந்து பார்த்தார். "காலேஜ் வீட்டுக்காரங்க எப்படி இருக்கீங்க?" என்றுதான் நுழைந்தார். தெருவில் இப்போது நமக்கு அதுதான் பெயர்.

உன் அண்ணன்

ஆகஸ்ட் 20

அன்பு அண்ணாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிட்டேன். (அண்ணா, இந்த இடத்தை நாலு தரம் வாசி. இனி நீ பொய் சொல்ல வேண்டாம்.)

வகுப்பில் எல்லாமே ஆங்கிலம்தான். வாத்தியார் பேசுகிற வேகத்துக்கு எழுதினால் கை கழன்றுவிடும். நடுவில் அவர் ஏதாவது ஜோக் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் அவர்களைப் பார்த்துவிட்டுச் சிரிப்பேன், அதனால் என் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்கும். போகப் போகப் பழகிவிடும் என்று பக்கத்துக் கட்டில் தோழி சொல்கிறாள். அவள் அப்பா, அத்தை எல்லாரும் கல்லூரியில் படித்தவர்கள். எந்த வாத்தியாரிடம் எப்போது போய் என்ன கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தானாகவே தெரிகிறது.

ஒரு விஷயம். கல்லூரியிலிருந்து வீட்டுக்கு ஏதாவது காகிதம் வந்தால் பதறாதே. எல்லாருக்கும் அனுப்புகிற சாதாரணக் காகிதம்தான். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. கம்பவுண்டரிடம் மட்டும் காட்டாதே. அவரிடம் காட்டினால் தெருவுக்கே தண்டோரா போட்ட மாதிரி.

அம்மாவுக்கு இழுப்பு என்றால் நான் வரட்டுமா?

உன் வாயாடி

செப்டம்பர் 14

என் அன்பான வாயாடிக்கு,

நீ ஒன்றும் வர வேண்டாம். வந்து நீ என்ன அவளுக்காக மூச்சா விடப்போகிறாய்? படி.

நீ சொன்ன காகிதம் வந்துவிட்டது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். சீல் வைத்த கெட்டிக் காகிதம், முகர்ந்தால் புது நோட்டு வாசனை. அம்மா கொஞ்ச நேரம் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். ஆங்கிலத்தில் இருந்தது, எனக்கு உன் பெயர் மட்டும்தான் புரிந்தது. கம்பவுண்டர், "என்னப்பா, காலேஜ் கடுதாசியா? குடு, படிச்சுச் சொல்றேன்" என்று வாசலிலேயே நின்றார். "ஒண்ணுமில்ல சார், சும்மா கையெழுத்துக்கு வந்தது" என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். நான் யாருடைய அண்ணன்?

கையெழுத்துப் போட இரண்டு கோடு இருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. பட்டறைப் பழக்கத்தில் கடைசிக் கோட்டில் போட்டு, அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். என்னால் உனக்கு ஒரு நாள் கூடத் தாமதம் இல்லை.

உன் அண்ணன்

அக்டோபர் 3

அண்ணா,

ஏன் அப்படிச் செய்தாய்?

அந்தக் கடைசிக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முதல் பரீட்சையிலேயே மூன்று பாடத்தில் நான் தேறவில்லை, அதற்குத்தான் அந்தக் காகிதம். உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. இங்கே குடும்ப உதவிப் பிரிவு என்று ஒரு அறை இருக்கிறது. அங்கே இருக்கிற அம்மாள் மூன்று முறை எனக்கு ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. ஆபீஸ் கூப்பிட்டால் திட்டத்தான் என்று குளியலறையில் போய் ஒளிந்துகொண்டேன். இன்று வார்டனே என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

அந்த அம்மாள் உன் காகிதத்தைக் காட்டினார். மேல் கோட்டில் போட்டால், வீட்டிலிருந்து ஒருவர் வந்து அவர்களோடு பேசுவார், எனக்குத் தனியாகப் பாடம் சொல்லித் தருவார்கள், நான் தொடர்ந்து படிக்கலாம். கீழ்க் கோட்டில் போட்டால், என் படிப்பை நிறுத்திவிட வீட்டுக்குச் சம்மதம். கெடுவும் முடிந்து, என் இடத்தைக் காத்திருந்த வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். "உனக்கு ஒத்தாசை பண்ணத்தானேம்மா கூப்பிட்டேன். நீயும் வரல, உங்க அண்ணனும் வேணாம்னு எழுதிட்டாரு. நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

நீ வேண்டாம் என்று எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு பக்கம் மனது கேட்கிறது: அம்மாவைத் தனியாகப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், நான் வந்தால் தேவலை என்று நினைத்தாயா? கேட்கக்கூடாத கேள்வி. யாருக்கும் காட்டாதே என்று சொன்னவளே நான்தான். உன் கையை நானே பிடித்துக் கீழ்க் கோட்டில் வைத்துவிட்டேன்.

இதை அனுப்ப மாட்டேன் என்று எழுதும்போதே தெரிகிறது. அம்மாவுக்கு இதை நீதானே வாசித்துக் காட்ட வேண்டும்.

அக்டோபர் 3

அன்பு அண்ணாவுக்கும் அம்மாவுக்கும்,

சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறேன். காகிதம் வந்து சேர்ந்தது, ஆபீசில் ஒன்றும் சொல்லவில்லை. படிப்பு போய்க்கொண்டிருக்கிறது.

ஹாஸ்டலில் என் அறை மாறுகிறது. இனிமேல் கடிதத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிற துணிக்கடை முகவரிக்குப் போடு. தோழியின் அக்கா அங்கே வேலை செய்கிறாள், கொண்டுவந்து தருவாள். விடுமுறைக்கு வர முடியாது, பரீட்சை இருக்கிறது. நீயும் வேலையைக் கெடுத்துக்கொண்டு வராதே.

உன் வாயாடி

டிசம்பர் 19

என் அன்பான வாயாடிக்கு,

வராதே என்று எழுதியிருந்தாய். பட்டறை லாரி உன் ஊருக்கு டயர் ஏற்றிக்கொண்டு போனது, நானும் தொற்றிக்கொண்டேன். அம்மா உனக்கு ஒரு போர்வை கொடுத்தனுப்பினாள். ஹாஸ்டல் வாசலில் உன் பெயரைச் சொன்னேன். காவலாளி நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு போயி ரெண்டு மாசமாச்சேப்பா" என்றார். நான் அவரோடு சண்டைக்குப் போனேன். பிறகு உன் தோழி கீழே இறங்கி வந்து, நீ விட்டுப்போன புத்தகங்களைக் கொடுத்தாள். அதற்குள்தான் நீ அனுப்பாத கடிதம் இருந்தது.

படித்தேன். லாரி டிரைவர், "என்னடா ஆச்சு?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில். இல்லை. ஒரு நாள், ஒரு நிமிடம் கூட நீ திரும்பி வர வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. அம்மா இருமும்போது கூட நீ இங்கே இல்லாதது நல்லது என்றுதான் நினைப்பேன். அப்பா போனபோது எட்டாம் வகுப்போடு புத்தகத்தைக் கட்டி வைத்தவன் நான். உன் படிப்பை என் கையாலேயே கெடுப்பேனா? கெடுத்துவிட்டேன். பாவி, ஒரு ஆளிடம் காட்டியிருந்தால் போதும். கம்பவுண்டர் வாசலில் நின்று கேட்டாரே!

துணிக்கடைக்கும் வந்தேன். கண்ணாடிக்குள் நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். யாரோ ஏதோ சொன்னார்கள், நீ எல்லாரோடும் சேர்ந்தே சிரித்தாய். உள்ளே வரக் கால் வரவில்லை. என்னைப் பார்த்தால் கடையையும் விட்டுவிட்டு எங்காவது போய்விடுவாயோ என்று பயந்தேன். போர்வையை வாசல்காரரிடம் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொள்.

அந்த அம்மாளையும் பார்த்தேன். எனக்கு நாற்காலி போட்டார். இத்தனை வருடத்தில் எந்த ஆபீசிலும் நான் உட்கார்ந்ததில்லை. "உங்க வீட்டுக்கு அப்படி ஒரு கடுதாசிய அனுப்பினது எங்க தப்பும்தான் தம்பி. ஒரு வரி தமிழ்ல போட்டிருக்கலாம்" என்றார். அடுத்த வருடம் உன்னை மறுபடி சேர்த்துக்கொள்ள ஒரு விண்ணப்பம் கொடுத்தார். இந்தத் தடவை அவரையும் லாரி டிரைவரையும் கம்பவுண்டரையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் கையெழுத்துக்கும் ஒரு கோடு இருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன். ஜனவரி 31 கடைசி. போட்டு நேராக அவரிடம் கொண்டுபோய்க் கொடு. அவர் திட்டமாட்டார்.

என்னோடு பேச வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். கையெழுத்தை மட்டும் போடு.

உன் அண்ணன்

பிப்ரவரி 2

என் அன்பான வாயாடிக்கு,

முந்தாநாளோடு தேதி முடிந்தது. பட்டறையிலிருந்து அந்த அம்மாளுக்குப் போன் செய்தேன், மேஸ்திரி பக்கத்திலேயே நின்றார், நிற்கட்டும். "இன்னும் வரலையே தம்பி" என்றார். நான் போட்ட கடிதம் திரும்பியும் வரவில்லை. அப்படியென்றால் உன் கையில்தான் இருக்கிறது. வாயாடி வாயை மூடினால் இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

நேற்று சனிக்கிழமை. அம்மாவால் இப்போது பாயில் உட்கார முடிவதில்லை, படுத்தபடியே கேட்கிறாள். உன்னிடமிருந்து ஒன்றும் வராததால் இன்னும் திருப்பிக் கொடுக்காத பட்டறை மெமோ ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசித்தேன். சாப்பிட்டாய். மூன்று பாடத்திலும் தேறிவிட்டாய். வாத்தியார் ஜோக்குக்கு எல்லாருக்கும் முன்னால் சிரிக்கிறாய்.

"கையெழுத்துப் போட்டிருக்காளா?" என்று கேட்டாள்.

"போட்டிருக்காம்மா."

காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, எங்கே என்று கேட்டாள். கடைசிக் கோட்டைக் காட்டினேன். அங்கே இருந்தது என் கையெழுத்து. அதைத் தடவிக்கொண்டே தூங்கிவிட்டாள்.

உன் அண்ணன்