அலமாரிச் சாவி

பிப்ரவரி 4, புதன்
இன்று பூட்டு மாற்ற என் கடைக்கு வந்தவர்களில் தம்பி மனைவியும் ஒருத்தி. அலமாரிப் பூட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அந்த அலமாரிக்குள்தான் அவளுடைய கேமராவும் லென்ஸும் இருக்கின்றன. கல்யாணங்களுக்கு அவள் படம் எடுப்பதில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. தம்பி செல்போனில் சூதாடியே வேலையைத் தொலைத்தவன். பழைய கேமராவை விற்றுவிட்டு, திருட்டுப் போய்விட்டது என்று எங்களோடு சேர்ந்து தேடினானே!

"ஒரு சாவி போதும்க்கா."

வெட்டிக் கொடுத்தேன். கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். சொந்த வீட்டில் காவல்காரியாகத் திரிய அவளுக்கு என்ன தலையெழுத்து?

பிப்ரவரி 9
அலமாரியைப் பூட்டியது அவனுக்கு அவமானமாம். அவனோடு இருக்கும் அம்மா அந்த வருத்தத்தில் சாப்பிடவில்லையாம்.

பிப்ரவரி 15, ஞாயிறு
லென்ஸ் காணோம். கல்யாணத்துக்குக் கிளம்பும்போதுதான் பார்த்திருக்கிறாள். யாரிடமோ இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அம்மா சொல்கிறாள்: "எங்கயாவது மறந்து வச்சிருப்பா. அவனே நொந்து கெடக்கறான், அவன் மேல பழி போடணுமா?"

நொந்து கிடக்கிறானாம். அவளுக்கு நொந்து கிடக்க நேரம் ஏது?

நேரில் போய்ப் பூட்டைப் பார்த்தேன். கீறலே இல்லை. துவாரத்தில் மட்டும், புதிதாக வெட்டிய சாவி உதிர்க்கும் பித்தளைத் தூள். நான் வெட்டும் சாவியைத் துடைத்துத்தான் கொடுப்பேன். அப்படியானால் இது வேறு யாரோ வெட்டிய சாவி.

பிப்ரவரி 16
அடுத்த தெரு சாவிக்கடைக்காரரிடம் கேட்டேன். "உங்கம்மாதான் வந்தாங்க. உங்க கடையில கூட்டம்னாங்க. உங்கம்மாவாச்சேன்னு காசுகூட வாங்கல."

என்ன ஒரு தாராளம்.

மருமகள் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரம் அம்மாவுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. நேரே போய்க் கேட்டேன். மறைக்கவில்லை.

"அவனை நம்பறோம்னு காட்டத்தான்டி குடுத்தேன். நம்பினா திருந்துவான்."

பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவள் அதற்குச் சாவியும் செய்து கொடுத்திருக்கிறாள்! "உன் பாசத்துக்கு அவ ஏம்மா தண்டம் கட்டணும்?" — கத்திவிட்டேன்.

பிப்ரவரி 17
அவளையும் கேமராவையும் என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். "நான் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கணுமோ?" என்கிறாள். இவளும் இப்படித்தான் பேசுவாளா?

பிப்ரவரி 21
நூலக மாடியில் சூதாடிகளின் குடும்பத்தார் கூடிப் பேசுகிறார்கள். அவளோடு போனேன். அண்ணனால் அல்லாடும் ஒரு பஸ் டிரைவர் சொன்னார்: "ஆடினது அவரு. தெருவுல தலையைக் குனிஞ்சு நடந்தது நாங்க."

அவள் அழுதாள். இத்தனை நாளில் இதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 1
தம்பி போன் செய்தான். அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை. கேமரா எங்கே என்றான். போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 6
அம்மா கடைக்கு வந்தாள். கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்ததை மேஜைமேல் வைத்தாள். அம்மாவின் சொந்தப் பெட்டிப் பூட்டு.

"உங்கப்பா கைக்கடிகாரத்தக் காணோம்டி."

அப்பா போனபின் அம்மா தினமும் சாவி கொடுத்து ஓடவைத்த கடிகாரம் அது. நான் சொல்ல வைத்திருந்ததெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. பூட்டை மாற்றினேன். புதுச் சாவிகள் இரண்டையும் துடைத்து நீட்டினேன். அம்மா கையை நீட்டவில்லை.

"ரெண்டையும் மருமககிட்ட குடுத்துடு. எங்கிட்ட இருந்தா, அவன் கேட்டா குடுத்துருவேன்."