தீபக்கிற்கு நான் சொன்ன ஆசி

12.10.2005, புதன்

எங்கள் ஓட்டல் நேபாளிகள் மூவரும் இன்று காலை மாடி அறையில் தங்கள் ஊர்ப் பண்டிகையான தசைன் கொண்டாடினார்கள். மூத்தவர் ஒருவர் தயிரில் பிசைந்த சிவப்பு அரிசியை நெற்றியில் அப்பி ஆசி சொல்ல வேண்டுமாம். இந்த ஊரப்பாக்கத்தில் அவர்களுக்கு மூத்தவர் யார்? கல்லாவில் உட்காரும் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு இருபத்து நான்கு வயது.

"நீதான் அண்ணா இங்க பெர்சு," என்றான் புரோட்டா மாஸ்டர் தீபக்.

"இன்னாடா சொல்லணும்?"

"நான் இந்த மாசம் ஊருக்குப் போவேன்னு சொல்லு. அம்மாக்கு ஒடம்பு சரியில்ல."

நேற்று ஆயுத பூஜையில் கிரைண்டருக்குப் பொட்டு வைத்துக்கொண்டே முதலாளி என்னிடம் சொல்லியிருந்தார்: "போனா திரும்பி வரமாட்டான்பா. பொங்கலுக்கு அப்புறம்தான் லீவு." கிரைண்டருக்கு நேற்று முழுநாள் ஓய்வு. தீபக்கின் அடையாள அட்டை அவர் பீரோவில் இருக்கிறது.

தீபக் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியை நீட்டினான். "போவடா," என்றேன். அந்த நெற்றியைப் பார்த்து வேறு எதைச் சொல்வது?

மதியம் எஸ்டிடி பூத்திலிருந்து சிரித்துக்கொண்டே வந்தான்.

"அம்மாகிட்ட சொல்ட்டேன் அண்ணா. பெர்யவங்க சொன்னா நடக்கும்னாங்க. நான் வந்தப்புறம்தான் ஆஸ்பத்திரி போறாங்களாம்."

சாயங்காலம் இரண்டு முறை முதலாளி அறைக்குப் போனேன். இரண்டு முறையும் பில் கட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நாளைக்குக் கேட்டால் என்னையும் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்.